எந்த ஆய்வு என்று கேட்டார்கள்

நோட்டீஸை டீக்கடைத் தட்டியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதுகிற நோட்டீஸை மட்டும் ஏன் படித்தவர்களுக்கே விளங்காத தமிழில் எழுதுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய ஆழமில்லாத பகுதியில் கையால் இறால் பிடிப்பது, ‘ஆய்வுகளின்படி இறால் குஞ்சு வளத்துக்குப் பெரும் ஊறு விளைவிப்பதாக அறியப்படுவதால்’, தடை செய்யப்பட இருக்கிறதாம். மீறுகிறவர்களின் கருவிகள் கைப்பற்றப்படுமாம். கருவி என்று அங்கே பிடிக்கிற பெண்களிடம் இருந்தது ஓர் ஓலைப் பறி, பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் கூடை. மற்றபடி இரண்டு கைகள். எதைக் கைப்பற்றப் போகிறார்கள் என்று நான் அங்கேயே சத்தமாகக் கேட்டேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

இந்தத் தடை யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் மீனவக் குப்பங்களுக்கு வலை போட முறை உண்டு. எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று அவர்களே பாடு பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்குக் கோட்டைக்குப்பம் என்றால் நாளைக்கு இன்னோர் ஊர். வலையே இல்லாதவர்களுக்குப் பாடும் இல்லை. அவர்களுக்கு மிஞ்சியது யாரும் வலை இறக்க விரும்பாத முழங்கால் தண்ணீர்தான். அந்தப் பெண்கள் அதில் தவழ்ந்தபடி போய், சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி இறால் பிடிப்பார்கள். பறியின் கயிறு பல்லுக்கிடையில் இருக்கும். அதனால் தண்ணீரில் இருக்கிற ஐந்தாறு மணி நேரமும் பேச முடியாது. கரையேறியதும் அதற்கும் சேர்த்துப் பேசுவார்கள்.

அவர்களில் ஒருவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். இரண்டு பெண்பிள்ளைகள். வீட்டுக்காரர் இடுப்பு அடிபட்டுப் படுத்த பிறகு, அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அக்கா பிடித்துவரும் இறாலால் மட்டும்தான். முழங்கால் தண்ணீர் போனால் அவருக்கு வேறு தண்ணீர் இல்லை. கடலோரத்தில் விசைப்படகுகள் அடிமண்ணோடு வாரிக்கொண்டு போனதைப் பற்றி அந்த நோட்டீஸில் ஒரு வரியும் இல்லை. விசைப்படகுக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, கட்சி இருந்தது. இவர்கள் கயிற்றைக் கடித்துக்கொண்டு தவழ்கிறவர்கள். தடை போடச் சுலபமான ஆட்களாகப் பார்த்துத்தான் போட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இது எண்பதுகளின் பின்பாதி. நான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பொன்னேரி வழியாக பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிடுவேன். பழவேற்காட்டில் எங்கள் தெருவில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த முதல் பெண் நான். வாப்பாவுக்கு அதில் பெருமையும் உண்டு, யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கவலையும் உண்டு. படித்து முடித்த கையோடு, எழுபதுகளின் கடைசியில், ஏரிக்கரையிலேயே ஒரு வருடம் ஓர் ஆய்வாளருக்குக் களப் பணியாளாக இருந்தேன். இறாலைப் பாட்டிலில் போட்டு லேபிள் ஒட்டுகிற வேலை. அக்காவும் மற்றவர்களும் எனக்கு அந்த வருடத்தில்தான் பழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

“ஆராய்ச்சினு எயுதிக்கீறாங்களே, எந்த ஆராய்ச்சி? யாரு வந்து பாத்தது? நீ புஸ்தகம் இருக்குற எடத்துலதானே வேலை செய்யுற. அத்த தேடிக் குடு.”

நியாயமான கேள்வி. ஆட்சேபம் இருந்தால் அதிகாரி முன் நேரில் வந்து சொல்லலாம் என்று நோட்டீஸின் அடியில் போட்டிருந்தது. எதை ஆட்சேபிப்பது என்று தெரிந்தால்தானே ஆட்சேபிக்க முடியும்? மறுநாள் நோட்டீஸில் கண்ட அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டேன். ஆய்வு என்றால் ஆய்வுதான் அம்மா, மேலிடத்திலிருந்து வந்தது என்றார்கள். மேலிடத்தில் கேட்டால் கீழிடத்தில் இருக்கும் என்றார்கள். ஆளாளுக்குப் பந்தை உருட்டினார்கள். சரி, நானே தேடிக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன்.

அந்தக் காலத்தில் உயிரியலில் ஒரு கட்டுரையைத் தேடுவது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். உலகத்தில் வெளியாகும் கட்டுரைகளின் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் எல்லாவற்றையும் தொகுத்து வெளிநாட்டில் அச்சடித்து அனுப்புவார்கள். தலையணை கனத்தில், வருடத்துக்கு ஒரு தட்டு நிறைகிற மாதிரி வரும். எழுத்து எறும்பு அளவு. ஆசிரியர் பெயர் தெரிந்தால் ஒரு வரிசை, உயிரினத்தின் பெயர் தெரிந்தால் இன்னொரு வரிசை, பொருள் தெரிந்தால் மூன்றாவது வரிசை. எனக்கு ஆசிரியரும் தெரியாது, வருடமும் தெரியாது. சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொரு தொகுதியாக இறக்கிப் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அதிலும் எங்கள் நூலகத்தில் நடுநடுவே பல தொகுதிகள் கிடையாது. பணம் கட்டாத வருடங்களில் உலகத்தில் யாருமே ஆராய்ச்சி செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்போதுதான் எங்கள் நிறுவனத்துக்குக் கம்ப்யூட்டர் தேடல் வந்திருந்தது. குளிர்சாதன அறையில் ஒரு முனையம். தொலைபேசியின் ரிசீவரை இரண்டு ரப்பர் கிண்ணங்களில் கவிழ்த்து வைத்தால், கடல் தாண்டி எங்கோ இருக்கிற இயந்திரத்தோடு அது கீச்சென்று பேசும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நிமிடக் கணக்கில் கட்டணம் என்பதால், என்ன தேடப் போகிறோம் என்று முன்கூட்டியே தாளில் எழுதி, சொற்களைச் சுருக்கி, தலைமை நூலகரின் கையெழுத்து வாங்க வேண்டும். தட்டச்சு வேகமாக வரும் என்பதால் அதை இயக்குகிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். தேடுகிற உரிமை விஞ்ஞானிகளுக்கு. அடிக்கிற வேலை எனக்கு.

நான் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டு போனேன். ‘பயனாளர்’ என்ற இடத்தில் அக்காவின் பெயர், ‘தொழில்’ என்ற இடத்தில் இறால் பிடிப்பது. தலைமை நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். கெட்டவர் இல்லை, விதியை மீறத் தெரியாதவர். ப்ராஜெக்ட் எண் எங்கே என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு ஏது சார் ப்ராஜெக்ட், அவருடைய பிழைப்பைத்தான் ஒரு ப்ராஜெக்ட் பிடுங்குகிறது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஒரு கட்டுரையை வைத்து ஓர் ஊரையே நடுத்தெருவில் நிறுத்துவார்கள், அந்தக் கட்டுரையைக் கண்ணால் பார்க்க மட்டும் அந்த ஊருக்கு உரிமை கிடையாதா என்று கேட்டேன். அவர் படிவத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். இது ஆராய்ச்சி நூலகம் அம்மா, மனு கொடுக்கிற இடம் இல்லை என்றார்.

அதன் பிறகு நான் செய்தது திருட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். நண்டு நோய் பற்றித் தேட ஒரு விஞ்ஞானி அனுமதி வாங்கியிருந்தார். அவருடைய தேடல் முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்காமல் என்னுடைய சொற்களை அடித்தேன். முதலில் மீனவப் பெண்கள் என்று கேட்டேன். பூஜ்யம். கையால் இறால் பிடித்தல் என்று கேட்டேன். பூஜ்யம். அந்த இயந்திரத்துக்கென்று அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் ஒரு தனிப் புத்தகமாகவே உண்டு. அவசரமாக அதைப் புரட்டினேன். எல்லா வகை வலைக்கும் தலைப்பு இருந்தது. தூண்டிலுக்கும் பொறிக்கும் இருந்தது. கைக்கு இல்லை. காலங்காலமாக ஓர் ஏரியில் நடக்கிற தொழிலுக்கு அந்தப் பட்டியலில் ஒரு சொல் இல்லை. தடை போட மட்டும் அந்தத் தொழில் இருப்பது எப்படித் தெரிந்தது இவர்களுக்கு? கோபத்தில் விரல் பிசகி இரண்டு முறை தவறாக அடித்தேன். கடைசியில் ஏரியின் பெயரையும் இறாலின் விஞ்ஞானப் பெயரையும் சேர்த்துக் கேட்டேன். பிரிண்டர் கரகரவென்று ஓடியது. ஓரத்தில் துளை போட்ட தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது.

நான்காவதாக வந்தது நான் தேடியது. பழவேற்காடு ஏரியின் முகத்துவாரப் பகுதி. கையால் பிடிப்பவர்களின் பறிகளிலிருந்து ஒரு வருடம் எடுக்கப்பட்ட மாதிரிகள். தேர்ந்தெடுக்காமல் எடுக்கப்பட்டவை. பெரும்பகுதி வளராத குஞ்சுகள். இவ்வகைப் பிடிப்பைத் தடுப்பது வளத்தைக் காக்க உதவும். ஆசிரியரின் பெயரைப் பார்த்தேன். நான் களப் பணியாளாக இருந்த அதே ஆய்வாளர். எடுத்த இடங்களும் மாதங்களும் நான் லேபிளில் எழுதியவை.

நான் பிரிண்டர் தாளைக் கிழிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்வதற்கு அந்த ஒரு வருடத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஆய்வாளர் மரியாதையான மனிதர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். வாரத்தில் மூன்று நாள் வருவார். கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து தண்ணீரின் உப்பையும் சூட்டையும் அளப்பார். ஷூ நனைய ஒரு நாளும் இறங்கியதில்லை. பெண்கள் கரையேறும்போது ஒவ்வொரு பறியிலும் பார்க்காமல் கையை விட்டு, வருகிறதை ஒரு கை எடுத்து பாட்டிலில் போட வேண்டும் என்பது எனக்கு அவர் கொடுத்த உத்தரவு.

முதல் நாள் அப்படித்தான் அக்காவின் பறியில் கையை விட்டேன். கை நிறையப் பெரிய வெள்ளை இறால் வந்தது. ஐஸ் பெட்டியோடு சைக்கிளில் வந்திருந்த வியாபாரி என் கையையே பார்த்தார். பாட்டிலில் கெடாமல் வைக்கிற மருந்தில் போட்டால் அது பிறகு யாருக்கும் உதவாது. ஐந்து மணி நேரம் சேற்றில் தவழ்ந்து பிடித்ததை நான் அள்ளிக்கொண்டு போவதா என்று கூசியது. அவர்கள் கரையேறியதும் ஈரச் சாக்கை விரித்து இறாலைப் பிரிப்பார்கள். பெரியதெல்லாம் ஐஸ் பெட்டிக்கு. கூடவே வந்துவிடுகிற கொஞ்சம் சின்னது ஓர் அலுமினியக் கிண்ணத்துக்கு, வீட்டுக் குழம்புக்கு. நான் கையிலிருந்ததைத் திரும்பப் பறியில் போட்டேன். “கொழம்புக்கு வெக்கிறதுலேர்ந்து ஒரு கை குடுங்கக்கா, போதும்” என்றேன்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நான் பாட்டிலோடு போய் நின்றதும் ஒவ்வொருவரும் அலுமினியக் கிண்ணத்திலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவார்கள். ஒரு வருடம் முழுக்க. களத் தாளில் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற கட்டத்தில் ‘பறியிலிருந்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதுகிறோம் என்றே தோன்றவில்லை. ஏழைகளிடமிருந்து நல்லதைப் பிடுங்காத பெண் என்று என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான் இருந்தது. நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவிடம் நான் உடனே சொல்லவில்லை. கட்டுரை கிடைத்துவிட்டது, வரவழைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுவரைக்கும் உண்மை. கம்ப்யூட்டரில் வந்தது சுருக்கம் மட்டும்தான். முழுக் கட்டுரை வெளியான இதழ் எங்கள் நூலகத்தில் இல்லை, சென்னையில் நான் விசாரித்த வேறெங்கும் இல்லை. எங்கள் ஏரியைப் பற்றிய கட்டுரையை எங்கள் ஏரியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் படிக்க முடியாது. அந்தக் காலத்தில் கட்டுரைப் பிரதி கேட்டு ஆசிரியருக்கே கார்டு போடுவது வழக்கம். அவர் அப்போது வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தார். நான் கார்டு போடவில்லை, நான்கு பக்கத்துக்குக் கடிதமே எழுதினேன். மாதிரிகளை நான் எடுத்த விதம் தவறு, அதை வைத்து இங்கே தடை போடுகிறார்கள், இதழுக்கு ஒரு திருத்தம் எழுதுங்கள் என்று கெஞ்சியிருந்தேன்.

நல்லவேளையாக விசாரணை இரண்டு முறை தள்ளிப்போனது. அதற்குள் பதில் வந்தது. கடிதத்தோடு கட்டுரைப் பிரதியையும் வைத்து அனுப்பியிருந்தார். இத்தனை வருடம் கழித்து என் கடிதம் கண்டதில் மகிழ்ச்சியாம். களத் தாள்கள் எல்லாம் அவரிடம் பத்திரமாக இருக்கின்றனவாம். என் கையெழுத்துள்ள தாள்களில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லையாம். நினைவை நம்பித் திருத்தம் வெளியிட முடியாதாம். கட்டுரையின் கடைசியில் ஏரி மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லியிருந்தார். அந்த வரியைப் படித்தபோது தாளைக் கசக்கி எறியத் தோன்றியது. அதுதான் எங்களிடம் இருந்த ஒரே பிரதி என்பதால் எறியவில்லை.

ஒத்துழைத்தவர்களில் பதினைந்து பேர் விசாரணைக்கு வந்தார்கள். தண்ணீருக்குப் போகாத நாள் அது, ஆளுக்கு ஒரு நாள் பிழைப்பு போனது. அலுவலகத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர்களும் உட்காராமல் சுவரோரம் நின்றார்கள். அதிகாரி களைத்துப்போன மனிதராக இருந்தார். என்ன ஆட்சேபம் என்று கேட்டார்.

அக்கா முன்னால் வந்தார். “நாங்க புடிக்கிறது பெருசு சார். சின்னது கொஞ்சம் கூட வரும், அது கொழம்புக்கு. நீங்க ஒரு நாளு வந்து பாருங்க. எங்க பறியிலயே கைய வுட்டுப் பாருங்க.”

அதிகாரி வரமாட்டேன் என்று சொல்லவில்லை. மேசையிலிருந்த கோப்பைப் பிரித்துக் காட்டினார். என்னிடம் இருந்த அதே சுருக்கம், அதே மாதிரித் துளை போட்ட தாளில். அவர்களுக்கும் யாரோ ஒரு கம்ப்யூட்டரில் தேடித்தான் கொடுத்திருக்கிறார்கள். முழுக் கட்டுரையை அங்கே யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பத்து வரிச் சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டு தடை போட வந்துவிட்டார்கள். ஒரு வருஷம் சயின்டிஃபிக்காகப் பார்த்திருக்கிறார்கள், நான் ஒரு நாள் வந்து பார்ப்பது அதற்கு ஈடாகுமா என்றார் அதிகாரி.

நான் முன்னால் போனேன். அந்த மாதிரிகளை எடுத்தது நான் என்று சொன்னேன். பறியிலிருந்து எடுக்கவில்லை, குழம்புக் கிண்ணத்திலிருந்து எடுத்தேன், அதிலிருந்து கொடுக்கச் சொன்னதும் நானே என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அக்காவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். “நீங்க சொல்றது எங்கயாவது பப்ளிஷ் ஆகியிருக்காம்மா?”

இல்லை என்றேன்.

அப்படியென்றால் ஒரு பக்கம் அச்சான ஆய்வு இருக்கிறது, இன்னொரு பக்கம் அதில் பொய்யெழுதினேன் என்று சொல்கிற ஒருவரின் வாய்வார்த்தை இருக்கிறது, நான் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டார். கேள்வியில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. ஏரி அங்கேயே இருக்கிறது, இறால் இருக்கிறது, பிடிக்கிற கைகள் உங்கள் முன்னால் நிற்கின்றன, போய்ப் பாருங்கள் என்று நான் கத்தினேன். ப்யூன் வந்து தோளைத் தொடாத குறையாக என்னை வெளியே அழைத்துப் போனார். தடை உறுதியானது. அடுத்த வாரமே பறிகளைப் பிடுங்கி எரிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கட்டுரை இன்றும் இருக்கிறது. கைபேசியில் ஏரியின் பெயரைத் தட்டினால் யாருக்கும் இலவசமாக வருகிறது. அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளும் வருகின்றன. நான் அன்று சொன்னது எந்தத் தேடலிலும் வராது.

விசாரணை முடிந்து பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் அக்காவின் பக்கத்தில் போய், உங்களுக்கு நஷ்டம் ஆகக் கூடாது என்றுதான் அன்றைக்குச் சின்னதைக் கேட்டேன், பெரியதைக் கேட்டால் உங்கள் பிழைப்பில் கை வைத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன்.



“ஒரு கை எறாதானே பாப்பா” என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடியே. “பெருசு கேட்டா குடுக்க மாட்டோம்னு நீயா எப்டி முடிவு பண்ண? கேட்டுருந்தா குட்த்துருப்போம்.”

ஒரு வருடம். வாரத்தில் மூன்று நாள். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.